சூசன் செய்த பிழை

மணம் என்பது மேலுலகில் எவரோ எழுதிவைத்த எழுத்தன்று. மனிதர் இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். நம் இயக்கம் இதை மேடைதோறும் சொன்னது, மணவிழாத்தோறும் சொன்னது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது, அத்தீர்மானத்தின் அடித்தளம் இதுவே. கட்டியவர் மனிதர், ஆகவே, அவிழ்க்கும் உரிமையும் மனிதருக்கே உண்டு.

இந்த உண்மையை ஏற்றுக்கொண்டவர்கள் அடுத்த கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். சேர்வது ஒப்பந்தம் என்றால் பிரிவதும் ஒப்பந்தமே. வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு என்றெல்லாம் பேசி, எழுதி, கையொப்பமிட்டுப் பிரிகின்றனர். பிரிந்தபின் இருவருள் ஒருவர், 'அறியாமல் ஒப்பமிட்டுவிட்டேன். உண்மை வேறாக இருந்திருக்கிறது' என்று வந்து நின்றால் என்ன செய்வது? எழுதியது எழுதியதுதான் என்று அவரை அந்த ஏட்டோடு கட்டிவைப்பதா? பிழை நேர்ந்தது என்பதற்காக ஏட்டையே கிழித்தெறிவதா?

கிழித்தெறிந்தால், பிரிந்தவர் எவரும் அமைதியாக வாழ இயலாது. பத்தாண்டு கழிந்த பின்னரும் பழைய கணக்கோடு பழைய துணை வாயிலில் வந்து நிற்கக்கூடும். கட்டிவைத்தாலோ, மற்றவருடைய அறியாமையைத் தன் ஆதாயமாக்கிக்கொண்டவர் தலைநிமிர்ந்து நடந்துபோவார். இரண்டும் அநீதியே.

இது வழக்குமன்றத்துக் கேள்வியாயிற்றே, இலக்கிய ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வழக்குமன்றம் ஏட்டில் உள்ள கையொப்பத்தைப் பார்க்கும். கையொப்பமிட்டவர் எதை நம்பி ஒப்பமிட்டார் என்பதை இலக்கியம் பார்க்கும். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1886-இல் வெளியிட்ட 'காஸ்டர்பிரிட்ஜ் நகரத் தலைவர்' என்னும் நாவல் இந்தக் கேள்வியின்மேல்தான் எழுந்து நிற்கிறது என்பது நம் துணிபு. நூலைப் படித்தோர் பலர். இக்கண்கொண்டு படித்தோர் சிலர். நாமும் முதலில் அப்படிப் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

ஐந்து கினி

வைக்கோல் கட்டும் கூலியாள் மைக்கேல் ஹென்சார்டு, வயது 21. அவன் மனைவி சூசன். அவள் கையில் எலிசபெத் ஜேன் என்னும் பெண் குழந்தை. வேலை தேடி நடந்துவந்த மூவரும் வெய்டன் பிரயர்ஸ் என்னும் ஊரின் சந்தையை அடைகின்றனர். அங்கே இரண்டு கூடாரங்கள். ஒன்றில் மது விற்கிறார்கள். மற்றொன்றில் கோதுமையும் பாலும் உலர்திராட்சையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. கணவன் கண் மதுக் கூடாரத்தின்பால் செல்கிறது. 'வேண்டாம், கஞ்சிக்கே போவோம்' என்கிறாள் மனைவி. கணவனைக் குடியிலிருந்து காக்க அவள் எடுத்த முடிவு அது. ஆனால், கஞ்சி விற்கும் கிழவி, கண்சாடை காட்டியவருக்குக் காசு வாங்கிக்கொண்டு ரம் கலந்து கொடுப்பவள் என்பதை அந்தப் பேதைப் பெண் அறியாள்.

கிண்ணத்துக்குமேல் கிண்ணம் உள்ளே போகிறது. இளமையில் மணந்ததால் தன் முன்னேற்றம் கெட்டது என்று பிதற்றத் தொடங்குகிறான் ஹென்சார்டு. வெளியே கிழட்டுக் குதிரைகளை ஏலம் கூறும் குரல் கேட்கிறது. வேண்டாத குதிரையை விற்கலாமாம்; வேண்டாத மனைவியை விற்கலாகாதாமா? கூடியிருந்தோர் சிரிக்கின்றனர். ஒருவன் ஏலக்காரனாகிறான். ஐந்து கினி என்று விலை ஏறுகிறது. அதாவது, ஐந்து பவுனும் ஐந்து ஷில்லிங்கும். நியூசன் என்னும் மாலுமி வாயிலில் நின்றபடி, 'நான் வாங்குகிறேன்' என்கிறான். பணத்தையும் எடுத்து வைக்கிறான். இந்தப் பணத்தைத் தொட்டால் நானும் குழந்தையும் இவரோடு போய்விடுவோம், இது இனி விளையாட்டன்று என்று சூசன் எச்சரிக்கிறாள். ஹென்சார்டு பணத்தை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் மட்டுமே என்கிறான் மாலுமி. அவள் மணமோதிரத்தைக் கழற்றிக் கணவன் முகத்தில் எறிந்துவிட்டுக் குழந்தையோடு வெளியேறுகிறாள்.

மறுநாள் காலையில் அவனுக்குப் போதை தெளிகிறது.  தான் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டுகள், அதாவது 21 ஆண்டுகள், மதுவைத் தொடுவதில்லை என்று தேவாலயத்தில் சூளுரைக்கிறான். பின்பு தேடுகிறான், கிடைக்கவில்லை. பின்னர் உழைத்து உயர்ந்து பெரிய தானிய வணிகனாகிறான். காஸ்டர்பிரிட்ஜ் நகரத்தின் தலைவனும் ஆகிறான். ஏறக்குறைய 18 ஆண்டுகள் கழித்துச் சூசன், வளர்ந்த மகளோடு அவனைத் தேடி வருகிறாள். அங்கிருந்து அவனுடைய வீழ்ச்சி தொடங்குகிறது.

கல்லூரியில் இந்நாவல் நமக்குப் பாடம். ஹென்சார்டின் வீழ்ச்சிக்குக் காரணங்களை ஆராய்க என்பது தேர்வில் வந்த வினா. குடி, முன்கோபம், ஊழ் என்று மூன்று தலைப்புகளிட்டுப் பக்கங்களை நிரப்பினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். சூசனைப் பற்றி அவ்விடையில் நாம் எழுதியது ஒரே வரி: அவள் ஒரு பேதை. சற்றுமுன் கதை சொன்னபோதும் அச்சொல் நம் எழுதுகோலில் வந்து விழுந்ததை வாசகர் கண்டிருப்பர்.

பேதை என்றவர் யார்?

அச்சொல்லை நாம் எங்கிருந்து பெற்றோம்? ஹென்சார்டிடமிருந்துதான். சந்தைக்கு மறுநாள் காலையிலேயே அவன் அவளை நொந்துகொள்கிறான். குடிகாரன் பேச்சை மெய்யென்று நம்பிப் போய்விட்டாளே, இவ்வளவு அறிவற்ற எளிமையா என்று ஏசுகிறான். விற்றவன் அவன், குற்றம் நம்பியவளுடையது! 18 ஆண்டுகளுக்குப் பின், ஊர்ப்புறத்துப் பழைய ரோமானியர் அரங்கத்தின் இருளில் இருவரும் சந்திக்கிறார்கள். ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்கிறான். அந்தப் பேரம் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று நம்பினேன், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவரைவிட்டு ஓடுவது தவறென்று எண்ணினேன் என்கிறாள். எப்படி இவ்வளவு பேதையாக இருந்தாய் என்று அப்போதும் வியக்கிறான்.

இந்தச் சந்தைக்கூடாரப் பேரத்தைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். பிரிய விரும்பும் கணவன் இருக்கிறான். பிரிவுக்கு ஒரு தொகை பேசப்படுகிறது. குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்பதும் முடிவாகிறது. மனைவியின் சம்மதம் கேட்கப்படுகிறது. கூடாரம் நிறையச் சாட்சிகள். இன்று குடும்ப நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிரிவு ஒப்பந்தங்களில் காணும் உறுப்புகள் அத்தனையும் இங்கே உள்ளன. இல்லாதது ஒன்றே: சட்டத்தின் பார்வையில் இது செல்லாது. கணவன் மனைவியை விற்கவும் முடியாது. விற்றதால் மணம் அறுந்துவிடவும் செய்யாது. அந்த ஒன்றுதான் சூசனுக்குத் தெரியாமற்போயிற்று.

ஆகவே, அங்கே இரண்டு பிழைகள் நேர்ந்தன. ஹென்சார்டின் பிழை மனத்தின் பிழை; செய்யத் தகாததைச் செய்தான். சூசனின் பிழை அறிவின் பிழை. செல்லாததைச் செல்லும் என்று நம்பினாள். எந்தப் பிழைக்கு யார் விலை கொடுத்தார் என்று பாருங்கள். ஹென்சார்டு ஒரு சூளுரையில் தன் பிழையைக் கழுவிக்கொண்டான். ஊர் அவனைத் தலைவனாக்கிற்று. சூசனோ வாங்கியவனோடு கானடாவுக்குக் கப்பலேறினாள். அவனுக்கு மனைவியாக வாழ்ந்தாள். ஆண்டுகள் சென்று இங்கிலாந்துக்குத் திரும்பினாள். பின்பு ஒருநாள், தோழி ஒருத்தியிடம் தன் கதையைச் சொன்னாள். தோழி நகைத்தாள். அந்நகைப்பு அவள் வாழ்வின் அமைதியை ஒரே நொடியில் குலைத்தது. அதுவரை உண்மை மனைவியாக வாழ்ந்தவள், அன்றுமுதல் தன் வீட்டிலேயே தான் யார் என்று அறியாதவளானாள். அவள் மனம் ஒடிந்ததைக் கண்ட நியூசன், தான் கடலில் மூழ்கிவிட்டதாக அவள் நம்பட்டும் என்று விட்டுவிடுகிறான். நல்லவன்தான்; ஆனால், அந்த முடிவையும் அவளைக் கேளாமலே எடுத்தான்.

சூசன் வந்துவிட்டாள் என்று அறிந்ததும் ஹென்சார்டு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறான். உறைக்குள் ஐந்து பவுன் நோட்டு. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவனாய் ஐந்து ஷில்லிங்கும் சேர்க்கிறான். ஐந்து கினி! விற்ற விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்கும்போதும் அவன் கை அறிந்த மொழி விலையின் மொழிதான். ஹார்டி இதை நீட்டி விளக்கவில்லை. ஷில்லிங்கைச் சேர்க்கும் அந்தக் கையைக் காட்டி, ஒரே வரியில் குறிப்புணர்த்திவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் கலையின் உயர்வுக்கு இந்த ஓரிடமே போதும்.

ஊழா, சட்டமா?

கலையைப் பாராட்டிய நாம் கருத்தையும் எடைபோட வேண்டும். இந்நாவலில் எது நடந்தாலும் அதன்மேல் ஊழின் நிழலைப் படரவிடுகிறார் ஹார்டி. பிறக்கக் கூடாத நேரத்தில் ஓர் உண்மை வெளிப்படும்; பிரிக்கக் கூடாத நேரத்தில் ஒரு கடிதம் பிரிக்கப்படும். மனிதன் என்ன செய்வான், எல்லாம் கண்காணா ஒன்றின் விளையாட்டு என்ற பெருமூச்சோடு நாம் நூலை மூடுகிறோம். அந்தப் பெருமூச்சை நாம் ஏற்பதற்கில்லை.

சூசனின் அறியாமை ஊழ் தந்ததன்று, நாடு தந்தது. கதை நிகழும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. அன்றைய இங்கிலாந்தில் முழு மணவிலக்கு வேண்டுமென்றால், பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் இயற்றிக்கொள்ள வேண்டும். 1857-க்கு முன் அப்படிப் பெற்ற விலக்குகள் 300-க்குச் சற்று மேல். அவற்றுள் பெண்கள் கேட்டுப் பெற்றவை நான்கே. 1845-இல் வார்விக் நகரில், முதல் மனைவி பிரிந்துபோனபின் மறுமணம் செய்துகொண்ட ஓர் ஏழைத் தொழிலாளி நீதிபதி மோல் முன் நிறுத்தப்பட்டான். முறைப்படி விலக்குப் பெற என்னென்ன வழக்குகள் தொடுத்திருக்க வேண்டும், எத்தனை நூறு பவுன் செலவிட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி அவனுக்கு அடுக்கடுக்காக எடுத்துச் சொன்னார். சட்டம் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றே என்று எள்ளலோடு முடித்து, பெயரளவுக்கு ஒருநாள் தண்டனை விதித்தார். மேன்மக்களுக்குப் பாராளுமன்றம், எளிய மக்களுக்குச் சந்தைத் திடல். மனைவியை விற்கும் வழக்கம் வெறும் கற்பனையன்று. தம் பகுதியின் வரலாற்றில் உண்மையாக நடந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று என்று ஹார்டியே முன்னுரையில் சொல்கிறார். வாங்கியவனுக்கு உண்மையாக வாழ்ந்த நாட்டுப்புறப் பெண்களில் சூசன் முதல்வளும் அல்லள், கடைசிப் பெண்ணும் அல்லள் என்று கதைக்குள்ளும் குறிக்கிறார். அப்படியானால், அது தனியொருத்தியின் பேதைமையன்று. சட்டத்தின் கதவு அடைக்கப்பட்ட ஒரு வகுப்பு மக்கள் தமக்கென வெட்டிக்கொண்ட பக்கவழி.

நம் நாட்டின் கதை என்ன? அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நான்கு பண்புகள் வகுத்தார்கள். மடம் என்பதற்கு, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று பொருள் கூறினார்கள். சொன்னதை ஏற்றுக்கொள், ஏற்றதை விடாதே, அதற்குமேல் ஆராயாதே! சூசன் செய்தது இம்மியும் பிசகாமல் இதைத்தானே? வீட்டில் இந்தப் பண்பை அணிகலன் என்று பூட்டுகிறார்கள். வழக்குமன்றத்துக்கு வந்ததும் ஏன் ஆராயவில்லை என்று கேட்டு அதையே குற்றமாக்குகிறார்கள். அறியாமையைக் கற்பித்தவர்கள் அறியாமைக்குத் தண்டம் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

எல்லாப் பிழையும் ஒரு பிழையா?

பிழை என்று சொல்லி வந்தவர்க்கெல்லாம் ஏட்டைக் கிழித்துக் கொடுங்கள் என்றா சொல்கிறோம்? இல்லை. நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு இங்கே நமக்கு உதவும். செல்வமும் சட்ட அறிவும் மிக்க ஒரு கணவனும் மனைவியும் 2006-இல் பிரிவு ஒப்பந்தம் செய்துகொண்டனர். கணவர் மனைவிக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தார். பெர்னார்டு மேடாஃப் என்பவரின் நிறுவனத்தில் இருந்த முதலீட்டுக் கணக்கைத் தமக்கு வைத்துக்கொண்டார். 2008 டிசம்பரில் மேடாஃபின் முதலீட்டுத் தொழில் முழுவதும் மோசடி என்பது வெளிப்பட்டு உலகமே அதிர்ந்தது. நாங்கள் இருவருமே அந்தக் கணக்கில் பணம் உள்ளதாகத் தவறாக நம்பினோம், ஆகவே ஒப்பந்தத்தைத் திருத்தித் தாருங்கள் என்று 2009-இல் கணவர் வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றம் மறுத்தது, மேல்முறையீட்டு மன்றத்து நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் வழக்கு நடக்கட்டும் என்றனர், அம்மாநிலத்தின் தலைமை மன்றம் 2012-இல் வழக்கைத் தள்ளிவிட்டது. ஒப்பந்தம் செய்த நாளில் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது. கணவர் ஒரு பகுதியை எடுத்தும் இருந்தார். எஞ்சியதைப் பின்னாளில் பெருகும் என்று எண்ணி அங்கேயே விட்டுவைத்தார். பொருள் இருந்தது, மதிப்பில்தான் அவர் எண்ணம் பிழைத்தது என்பது தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பு சரியானது என்றே நாம் கருதுகிறோம். பங்கின் விலை ஏறியிருந்தால், கூடுதல் பணத்தைக் கொண்டுபோய் முன்னாள் மனைவியிடம் கொடுத்திருப்பாரா? ஏற்றம் எனக்கு, இறக்கம் இருவருக்கும் என்பது ஒப்பந்தமன்று, தன்னலம். அவர் கண் திறந்திருந்தது. கையில் கணக்கேடு இருந்தது. கேட்டறிய வழக்குரைஞர் இருந்தனர். சூசனுக்கு இவற்றுள் ஒன்றேனும் இருந்ததா?

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அறியும் வாய்ப்பு இருந்தும் எதிர்காலத்தைத் தவறாகக் கணித்தவரின் பிழை ஒன்று. தனக்கு இருந்த உரிமையே இன்னதென்று அறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டவரின் பிழை மற்றொன்று. முன்னதை அவர்மேலேயே நிறுத்த வேண்டும். பின்னதை அவர்மேல் சுமத்தக் கூடாது. பிழை எவ்வளவு பெரிது என்பது கேள்வியன்று; பிழைக்குக் காரணம் எங்கே இருந்தது என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை அறிகிறதா? 1872-இல் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டுவோம். ஒப்பந்தத்துக்கு இன்றியமையாத ஓர் உண்மையைப் பற்றி இருவரும் பிழைபட்டிருந்தால் அது செல்லாது என்கிறது 20-ஆம் பிரிவு. பொருளின் மதிப்பைத் தவறாக எண்ணியது இதில் சேராது என்று விளக்கமும் தருகிறது. நியூயார்க்குக் கணவருக்கு நம் சட்டமும் அதே விடையைத்தான் சொல்லியிருக்கும். ஒருவர் மட்டும் உண்மையைத் தவறாக அறிந்திருந்தார் என்பதால் ஒப்பந்தத்தைத் தள்ள இயலாது என்கிறது 22-ஆம் பிரிவு. நாட்டின் சட்டத்தைத் தவறாக அறிந்திருந்தாலும் ஒப்பந்தம் தப்பாது என்கிறது 21-ஆம் பிரிவு. வணிகர் இருவர் பஞ்சுமூட்டைக்குப் பேரம் பேசும்போது இவை நல்ல விதிகளே. சட்டம் எனக்குத் தெரியாது என்ற சொல்லுக்கு இடங்கொடுத்தால் வாணிகம் நடவாது. ஆனால், அதே அளவுகோலை, பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தி மணமுடித்துக் கொடுக்கப்பட்டு, பத்தாண்டு அடுப்பங்கரையில் கழித்து, யாரோ எழுதிய முத்திரைத்தாளில் யாரோ விரல்காட்டிய இடத்தில் ஒப்பமிடும் ஒரு பெண்ணுக்கு நீட்டலாமா? தனக்கு எதன்மேல் உரிமை உண்டு என்பதை அறியாமலே அதனை விட்டுக்கொடுக்கிறாளே, அது சம்மதமா, சூசனின் சம்மதமா?

வழி இல்லாமலில்லை. 1976-இல் இந்து மணச் சட்டத்தில் மனமொத்த விலக்கு சேர்க்கப்பட்டபோது, மனுவுக்கும் இறுதிக் கோரிக்கைக்கும் இடையே ஆறு மாதக் காத்திருப்பு வைத்தார்கள். வன்முறையாலோ வஞ்சத்தாலோ முறையற்ற அழுத்தத்தாலோ சம்மதம் பெறப்படவில்லை என்று நீதிமன்றம் தெளிய வேண்டும் என்றும் விதித்தார்கள். தீர்ப்பு வரும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆறு மாதம் கட்டாயமன்று, தக்க வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் கூறிற்று. வாடும் இருவரை வீணே காக்கவைக்க வேண்டாம் என்ற இரக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், காத்திருக்கும் காலமே தன் பிழையை ஒருத்தி கண்டுகொள்ளும் காலம் என்பதையும் மறந்துவிடலாகாது.

2013-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று நம்பிக்கை தருகிறது. கருநாடகத்துப் பெண் ஒருத்தி, 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனி ஜீவனாம்சமே கேட்பதில்லை என்று நீதிமன்றத்தில் உடன்பட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். பின்னர் வேறொரு சட்டத்தின்கீழ் வாழ்க்கைப்பொருள் கேட்டு வந்தாள். எழுதிக் கொடுத்தாயே என்று ஏட்டைக் காட்டினான் கணவன். அந்த ஏடு அவள் உரிமையைத் தடுக்காது, உயிர்வாழும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பொதுநலத்துக்கு மாறானது என்றது நீதிமன்றம். எண்ணாயிரம் ரூபாயையும் ஐந்து கினியையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

நாம் செய்தது, செய்யவேண்டியது

சட்டத்தைத் தவறாக நம்பியவர்களை என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாடு முன்பே ஒரு விடை எழுதியிருக்கிறது. புரோகிதரின்றி, தீவலமின்றி, மாலை மாற்றி, உறுதிமொழி கூறி இணைந்தனர் ஆயிரமாயிரம் சுயமரியாதை இணையர். தம் மணம் செல்லும் என்று நம்பினர், பிள்ளை பெற்றனர், வாழ்ந்தனர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணமொன்று சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. சூசனின் தோழி நகைத்த அந்த நொடி நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. அந்தப் பெண்களை நோக்கி, சட்டம் தெரியாமல் மணந்தது உங்கள் பிழை, பேதைகளே என்றா சொன்னோம்? இல்லை. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் சட்டத்தையே திருத்தினோம். இனி நடப்பவை மட்டுமன்று, முன்பு நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று எழுதினோம். பிழை மக்களுடையதன்று, சட்டத்துடையது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்ட பெருநிகழ்ச்சி அது.

சேரும் ஒப்பந்தத்துக்குக் காட்டிய அந்த நேர்மையைப் பிரியும் ஒப்பந்தத்துக்கும் காட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பிரிவு ஒப்பந்தம் ஒப்பமிடுவோரின் தாய்மொழியில் இருக்கட்டும். அதை நீதிபதி முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கட்டும். இருவர்க்கும் தனித்தனி வழக்குரைஞர் இருக்கட்டும். இயலாதவர்க்கு அரசின் சட்ட உதவி கிடைக்கட்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தம் வருவாய், சொத்து, கடன் அனைத்தையும் உறுதியுரையாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் வகுத்த முறை, மனமொத்துப் பிரிவோர்க்கும் வரட்டும். எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று தெரியுமா என்ற ஒரு கேள்வியை நீதிபதி கேட்கட்டும். அவள் விடையைப் பதிவு செய்யட்டும். இவ்வளவும் செய்தபின் எழுதிய ஏட்டை உறுதியாக நிறைவேற்றுங்கள். அங்கே நாம் குறுக்கே நிற்கமாட்டோம். இவற்றுள் ஒன்றும் செய்யாமல் வாங்கிய கையொப்பத்தை மட்டும் காட்டி, எழுதியது எழுதியதுதான் என்று சொல்லாதீர்கள்.

சூசன் இறக்கும்முன் ஒரு கடிதம் எழுதிவைக்கிறாள். விற்கப்பட்டபோது கையிலிருந்த குழந்தை மூன்றே மாதத்தில் இறந்துவிட்டது, இப்போதுள்ள எலிசபெத் ஜேன் நியூசனின் மகள் என்ற உண்மை அதில் இருக்கிறது. மகளின் மணநாள்வரை திறக்கலாகாது என்று உறைமேல் எழுதுகிறாள். முத்திரையைச் சரியாகப் பதிக்கத் தெரியவில்லை. ஹென்சார்டு முன்னதாகவே பிரித்துவிடுகிறான். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதிய பேரத்துக்குக் கட்டுப்பட்டவள், தன் கையால் எழுதிய இந்த ஏட்டுக்கு ஒருவனும் கட்டுப்படவில்லை.

அன்று நாம் எழுதிய தேர்வுத்தாள் இன்று நம்மிடம் இல்லை. அதை மீண்டும் எழுத வாய்த்தால், குடி, முன்கோபம் என்ற இரண்டு தலைப்புகளையும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஊழ் என்ற மூன்றாவதை அடித்துவிடுவோம். அந்த இடத்தில், ஒரு பெண்ணுக்கு அவள் உரிமையைச் சொல்லித்தராத நாடு என்று எழுதுவோம். அவள் பேதை என்ற வரியையும் நீக்குவோம். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.